தடவைகளின் தூரம்: தேவாரத்திலிருந்து மறுவாழ்வுச் சிகிச்சையைத் தேடுதல்

1. கேள்வி

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய பேரூர் தேவாரம். வடக்கே ராசிங்காபுரம், சிலமலை வழியாகப் போடிநாயக்கனூர் சுமார் 17 கிலோமீட்டர். தெற்கே பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் ஏறக்குறைய அதே தொலைவு. தேனிக்கு முப்பதுக்கு மேல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்குக்குப் போக வேண்டுமென்றால் தேனியையும் தாண்டி ஆண்டிபட்டிச் சாலையில் செல்ல வேண்டும். அது நாற்பதைக் கடக்கும். மதுரை என்றால் நூறைத் தாண்டிவிடும்.

அவசரச் சிகிச்சை என்ற கோணத்தில் பார்த்தால் இவை மோசமான தூரங்கள் இல்லை. 108 வண்டி வருகிறது, சாலை இருக்கிறது, மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன்பு மதுரைக்கே ஓட வேண்டியிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு தொடங்கும் சிகிச்சை ஒன்று உண்டு. விழுந்த கையைத் தூக்கவைக்கும் இயன்முறை மருத்துவம், குழறும் நாக்கைப் பழக்கும் பேச்சுப் பயிற்சி, சட்டைப் பொத்தான் போடவும் சோற்றைப் பிசையவும் மீண்டும் கற்றுத்தரும் ஆக்குபேஷனல் தெரபி, செவித்திறன் சோதனை, செயற்கைக் கால், கேலிப்பர், சர்க்கரை நோயாளிக்கான உணவு ஆலோசனை, பாதப் பராமரிப்பு ஆகியவை அதில் அடங்கும். இவற்றைத் தருபவர்கள் மருத்துவர்களும் அல்லர், செவிலியர்களும் அல்லர். துணை மருத்துவச் சேவைகள் என்ற தலைப்பில் இவர்களைச் சேர்க்கிறோம்.

தேவாரம் போன்ற ஊரில் வாழும் ஒருவருக்கு இச்சேவைகள் ஏன் எட்டாமல் போகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எங்குமே இல்லாததால் எட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. இருந்தும் நோயாளியின் உடலுக்கு வந்து சேர்வதில்லை.

2. வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள்

முதல் காரணம், ஆள் பற்றாக்குறை. உலக அளவில் இது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நிலையில் 2019-இல் உலகில் 241 கோடிப் பேர் இருந்தார்கள், அதாவது மூன்றில் ஒருவர் என்று லான்செட் இதழில் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் பத்து லட்சம் மக்களுக்குப் பத்துக்கும் குறைவான வல்லுநர்களே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. அந்நிறுவனம் 2017-இல் 'மறுவாழ்வு 2030' என்ற முன்னெடுப்பைத் தொடங்கியதும், 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இதற்கெனத் தனித் தீர்மானம் நிறைவேற்றியதும் இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இக்காரணத்தை அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு. இயன்முறை மருத்துவப் பட்டதாரிகளை ஆண்டுதோறும் வெளியே அனுப்பும் கல்லூரிகள் இங்கே நிறைய. படித்த பிள்ளைகள் பலர் குறைந்த சம்பளத்துக்குப் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்கிறார்கள், அல்லது வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஆகவே இயன்முறை மருத்துவத்தைப் பொறுத்தவரை பற்றாக்குறை ஆளில் இல்லை, அரசுப் பணியிடத்தில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, செயற்கை அவயவத் துறை ஆகியவற்றில்தான் ஆளும் குறைவு, படிப்பிடங்களும் குறைவு. எல்லாத் துறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'ஆளில்லை' என்று சொல்வது இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது காரணமாக மக்களின் அறியாமையைச் சொல்வார்கள். பக்கவாதம் வந்தால் புறா ரத்தம் தடவுகிறார்கள், எலும்பு முறிந்தால் நாட்டுக் கட்டுப் போடப் போகிறார்கள், இயன்முறை மருத்துவம் என்றால் 'கரண்ட் வைக்கிறது' என்று மட்டும் நினைக்கிறார்கள் என்பது அந்தக் குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மின்சாரக் கருவியை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் படுத்துக் கிடந்தால் வலி சற்றுக் குறையலாம். விழுந்த கை எழுந்துவிடாது. அதற்கு நோயாளியே உழைக்க வேண்டும். அந்த உழைப்பைச் சொல்லித்தராத இடத்துக்குப் போய்வந்தவர் 'பிசியோவும் பார்த்தாச்சு, ஒண்ணும் சரியாகலை' என்று கைவிட்டுவிடுகிறார்.

ஆனால் நாட்டுக் கட்டுக்குப் போகிறவர்களை அறியாமை என்ற ஒரு சொல்லில் அடைக்க நான் ஒப்பமாட்டேன். கட்டுப் போடுகிறவர் மீண்டும் வரச்சொல்லி நாள் குறித்துத் தருகிறார். கட்டை அவிழ்த்து எண்ணெய் போட்டு நீவி மறுகட்டுப் போடுகிறார். எத்தனை கட்டில் சரியாகும் என்று முதல் நாளே சொல்கிறார். அவருடைய மருத்துவம் சரியா தவறா என்பது வேறு விவாதம். தவறான கட்டால் ரத்த ஓட்டம் நின்று கையையே இழந்தவர்கள் உண்டு. அவர் தரும் தொடர்ச்சிதான் மக்களை அங்கே இழுக்கிறது. மருத்துவமனை விடுவிப்புச் சீட்டின் கடைசி வரியில் ஆங்கிலத்தில் 'பிசியோதெரபி அட்வைஸ்டு' என்று மட்டும் எழுதியிருக்கும். யார், எங்கே, எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்ற எதுவும் அதில் இருக்காது.

3. ஒரே தடவையில் முடிவதும் முடியாததும்

பற்றாக்குறைக்கும் அறியாமைக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை நம் சுகாதாரத் திட்டமிடல் கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் வாதம். கண்புரை அறுவைக்கு ஒருவர் இரண்டு மூன்று முறை போய்வந்தால் போதும். குடல்வால் அறுவையும் அப்படித்தான். பக்கவாதத்துக்குப் பின் இயன்முறை மருத்துவம் என்றால் வாரம் மூன்று முறையாவது, மாதக்கணக்கில். வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்குப் பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு வாரம், பிறகு நான்கு வயதுவரை இரவுக் காலணி. பேச்சு வராத குழந்தைக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு அமர்வுகள், ஆண்டுக்கணக்கில். எனவே தேவாரத்திலிருந்து க.விலக்கு நாற்பது கிலோமீட்டர் என்பது அறுவைச் சிகிச்சைக்கான தூரம் மட்டுமே. மறுவாழ்வுச் சிகிச்சைக்கான தூரத்தை அறிய அந்த நாற்பதை இரண்டாலும், பிறகு நாற்பது ஐம்பது தடவைகளாலும் பெருக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நோயாளியின் ஒரு நாள், கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி.

பேருந்துக் கட்டணம் பெரும் தடை இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய உதவியாளருக்கும் கட்டணமில்லை. தடை பேருந்தின் படியில் இருக்கிறது. முதல் படி தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரம். வலது பக்கம் விழுந்த ஒருவர் இடது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஏற்றி, இழுபடும் காலைப் பின்னால் தூக்க வேண்டும். பாதம் கீழே தொங்குவதால் விரல்நுனி படியின் விளிம்பில் தட்டும். பின்னால் நிற்கும் மனைவி கைகொடுத்து அந்தப் பாதத்தைத் தூக்கிவைக்கிறார். நடத்துநர் பொறுமையானவராக இருந்தாலும் பேருந்து முழுக்கப் பார்க்கிறது. இதைத் தேனியில் இறங்கி மறுபடியும் செய்ய வேண்டும்; திரும்பி வரும்போதும் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் 'வீட்டிலேயே பார்த்துக்கிறேன்' என்று அவர் சொன்னால் அதைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்?

தொடர்ந்து செய்ய வேண்டிய சிகிச்சையின் அருமையை உணர்ந்த மரபு தமிழ்நாட்டில் புதிதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். இடம் மாற்றிவைத்த தசைநார் தன் புதிய வேலையை உடனே அறிவதில்லை. விரலை அசைக்கும் பயிற்சியை நாள்தோறும் கொடுத்துத்தான் அதைப் பழக்க வேண்டும். ஆகவே அங்கே அறுவையும் பயிற்சியும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளாயின. பின்னர் அவரிடம் பணிபுரிந்த மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைகள் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவானது.

அரசு சென்ற வழி வேறு. போலியோ தலைமுறைக்காக அமைந்த உதவிகள் பொருள் வழங்குவதை மையமாகக் கொண்டவை: மூன்று சக்கர வண்டி, கேலிப்பர், ஊன்றுகோல், காது மிஷின். மத்திய அரசின் உபகரண உதவித் திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. முகாம் நடக்கும், அளவு எடுப்பார்கள், பிறகொரு நாள் மேடையில் வழங்குவார்கள். தமிழ்நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2004-இல். ஆனால் அந்தக் காலத்து வழங்கும் பழக்கம் அப்படியே தொடர்கிறது. காது மிஷினை வாங்கிக்கொண்டுபோன பாட்டி இரைச்சல் தாங்காமல் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். ஒலி அளவைச் சரிசெய்ய இரண்டாம் முறை யாரும் அவரைப் பார்ப்பதில்லை.

காப்பீட்டுத் திட்டமும் இதே வார்ப்பில்தான் இருக்கிறது. 2009-இல் தொடங்கிய உயிர் காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீடும் அதன் பின்வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கானவை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கச் செய்தது. உயிர்களைக் காத்த நல்ல திட்டம் அது. காப்பாற்றப்பட்டவர் முதுகுத்தண்டு காயத்தோடு வீடு திரும்பினால், அடுத்த 48 வாரங்களுக்கு அதே அளவு தெளிவான ஏற்பாடு ஏதும் இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவையோடு, அதன் பின்னர் குழந்தைக்குத் தேவைப்படும் செவிவழிப் பேச்சுப் பயிற்சிக்கும் காப்பீட்டில் இடம் தரப்பட்டிருக்கிறது. கருவி மட்டும் இருந்தால் குழந்தை பேசாது என்பதை அங்கே அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்புதல் ஏன் பக்கவாதத்துக்கு வரவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி.

4. கண்ணுக்குக் கிடைத்த வழி

இதே தேனி மாவட்டத்தில் துணை மருத்துவச் சேவை ஒன்று சிற்றூர்வரை சென்று சேர்ந்திருக்கிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1980-களின் நடுவில் தேனியில் கிளை திறந்தது. பின்னர் 2004 முதல் சிறு ஊர்களில் பார்வை மையங்களை அமைத்தது. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுப் பயிற்சி தந்து உருவாக்கிய பணியாளர்கள் கண்ணைச் சோதிக்கிறார்கள். மருத்துவர் தொலைவிலிருந்து பேசுகிறார். அதற்கு இணைய வசதி போதாத காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள மையங்களுக்கும் இடையே நெடுந்தூர வைஃபை இணைப்பைக் கட்டித்தந்தார்கள். கணினி வலையமைப்பு ஆய்வுகளில் தேனி என்ற பெயர் இடம்பெற்றது அப்படித்தான்.

இந்த முன்மாதிரியை அப்படியே இயன்முறை மருத்துவத்துக்குப் பெயர்க்கலாம் என்பவர்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. கண்ணாடி ஒரே தடவையில் முடிகிற தீர்வு. சோதித்து, எண் குறித்து, கண்ணாடியைப் போட்டவுடன் வேலை செய்யும். பயிற்சி அப்படி வேலை செய்யாது. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உள்ளூர்ப் பெண்ணுக்கு முறையான, நீண்ட பயிற்சி, அவளுக்கென வரையறுத்த வேலை, மேலே கேட்க ஒரு மருத்துவர். இந்த மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் தொலைத்தொடர்புக் கருவிக்கு அங்கே பயன் இருந்தது.

5. நான்கு வாசல்கள்

தேவாரத்தில் ஒரு குடும்பம் இன்று உதவி தேடினால் எங்கெங்கே போகலாம்? பெரியவர்களுக்கு முதல் வாசல் சுகாதாரத் துறை. உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால், வீடு தேடி வந்து சிகிச்சை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். 104 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுவரை 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பொருந்தும். அதன் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்க வேண்டும். செவித்திறன், பேச்சு, இயன்முறை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது திட்டம்.

பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கல்வித் துறையில் இரண்டாவது வாசல். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு. நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுக்கே வருகிற ஏற்பாடும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறவர்கள். மூன்றாவது வாசல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: அடையாள அட்டை, உபகரணம், பராமரிப்பு உதவித்தொகை. இந்தத் தொகை கடும் பாதிப்புள்ளவர்களுக்கானது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாக இருந்த ஊனப் பிரிவுகளை இருபத்தொன்றாக விரித்தபின் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இவ்வாசலுக்குள் வந்தன. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களும் தொடங்கப்பட்டுள்ளன.

நான்காவது, போடி, சின்னமனூர், கம்பம், தேனியில் உள்ள தனியார் மையங்கள். போகிறவர் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: சிகிச்சை தருகிறவர் பட்டம் பெற்றவரா? இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து நாலரை ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. பேச்சு, செவித்திறன் வல்லுநர்களும் செயற்கை அவயவ வல்லுநர்களும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்களாக இருப்பார்கள். பதிவெண்ணைக் கேட்பதில் தவறில்லை. இயன்முறை மருத்துவர்கள் அக்குழுமத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களையும் இன்னும் பல துறையினரையும் ஒழுங்குபடுத்த 2021-இல்தான் தேசிய அளவில் சட்டம் வந்தது.

வாசல்கள் போதாமல் இல்லை. ஒரு வாசலில் எழுதியதை அடுத்த வாசலில் யாரும் படிப்பதில்லை என்பதுதான் கோளாறு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளியின் பெயர் அவருடைய வட்டார இயன்முறை மருத்துவருக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். மூன்று வயதில் மாவட்ட மையத்தில் பதிவான குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் வட்டார வள மையம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். நடப்பில், பிளாஸ்டிக் பையில் ஸ்கேன் படங்களையும் சீட்டுகளையும் சுமந்துகொண்டு தாய் ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கதையைச் சொல்கிறார். நான்கு துறைகளையும் இணைக்கும் ஒரே கம்பி அவர்தான்.

இந்தப் பிளவால் சில சேவைகள் தேடப்படாமலே போகின்றன. பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் குடித்தால் புரையேறுவது அற்பத் தொல்லை என்று வீட்டில் நினைக்கிறார்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலாகி உயிரையே எடுக்கலாம். விழுங்குவதைச் சோதித்து, எந்தப் பதத்தில் உணவு தர வேண்டும், தலையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தருவது பேச்சுப் பயிற்சி வல்லுநரின் வேலை. பேச்சு நன்றாக இருக்கும் நோயாளியை அவரிடம் அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை.

6. வீடு தேடி வருபவர்: ஒரு கணக்கு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' தடவைகளின் தூரத்தை நேராக எதிர்கொண்ட முதல் பெரிய அரசுத் திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுசெல்வதோடு, வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவரையும் ஒரு வலிநீக்குச் செவிலியரையும் அது அமர்த்தியது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. நோயாளி பேருந்துப் படியில் ஏறத் தேவையில்லை. சிகிச்சை படியேறி வருகிறது. மாநிலங்கள் பலவற்றில் எண்ணிப் பார்க்காத காரியம் இது. இதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஊரக மக்கள்தொகை 2011-இல் 3.72 கோடி. சுகாதார வட்டாரங்கள் 385. ஆக, ஒரு இயன்முறை மருத்துவருக்கு ஏறக்குறைய 97 ஆயிரம் பேர். பத்து லட்சத்துக்குப் பத்து என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கும் அதே அளவு. அவர் மாதம் 24 நாள், நாளுக்கு 6 வீடு போவதாகக் கொள்வோம். மலையடிவாரச் சிற்றூர்களுக்கு இதுவே தாராளமான ஊகம். மொத்தம் 144 வருகைகள். பக்கவாத நோயாளிக்கு மாதம் 12 வருகை தேவையென்றால், முழு அளவில் 12 பேரைத்தான் அவரால் பார்க்க முடியும். 144 பேரைப் பட்டியலில் வைத்தால் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒருமுறை. மாதம் ஒருமுறை மாத்திரை கொடுப்பது சரியான மருத்துவம். மாதம் ஒருமுறை இயன்முறை மருத்துவம் விசாரிப்பு மட்டுமே. பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்சியில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மூன்று மாதத்துக்கு மூன்று வருகை என்று கணக்கு வந்து நிற்கும். அதற்குள் மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும்.

7. குடும்பத்திடம் ஒப்படைத்தால்

ஆள் போதவில்லையென்றால் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாமே என்பது இயல்பாக எழும் யோசனை. இதை இந்தியாவிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 'அட்டெண்ட்' எனப்படும் அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினரின் குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தந்து, பிறகு வீட்டுக்குச் சில முறை சென்றும் கற்பித்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. 2017-இல் லான்செட்டில் முடிவு வெளியானது: ஆறு மாதத்துக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வேறுபாடே இல்லை.

இதைக் குடும்பத்தின் தோல்வி என்று படிக்கக் கூடாது. சில மணி நேரப் பயிற்சியால் ஒரு மருமகள் இயன்முறை மருத்துவராகிவிட மாட்டாள் என்றுதான் படிக்க வேண்டும். தேவாரம் பக்கத்தில் பராமரிக்கும் பொறுப்பு அநேகமாகப் பெண்ணுடையது. அந்தப் பெண் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறவளாகவும் இருக்கலாம். அவளே உடல் நோகும் வேலை செய்கிறவள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலில் இதற்கு நேரெதிர்: தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி மணிக்கணக்கில் கவாத்து வெட்டுவதும் நுனி கிள்ளுவதும். முன்னதில் இடுப்பும் முழங்காலும் போகின்றன, பின்னதில் தோளும் கழுத்தும். 'ஓய்வெடுங்கள், குனியாதீர்கள்' என்று சீட்டில் எழுதுவது இவர்களுக்கு 'வேலையை விடுங்கள்' என்பதற்குச் சமம். எந்த உயரத்தில் உட்கார்ந்து பறிப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கையை இறக்குவது என்று வேலைக்குள் நுழைந்து சொல்லும் ஆலோசனைதான் அவர்களுக்குப் பயன்படும். அது ஆக்குபேஷனல் தெரபியின் களம். தோட்டத் தொழிலாளர் நிறைந்த இப்பகுதியில் அதிகம் தேவைப்படுவதும் குறைவாகக் கிடைப்பதும் அதுதான்.

குடும்பத்துக்கும் வல்லுநருக்கும் நடுவே ஒரு படி வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் அதைக் கட்டிக்காட்டியிருக்கிறது. கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய நிறுவனம் அது. வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்கு உள்ளூர்ச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் முறைவைத்துச் செல்கிறார்கள். இயன்முறை, பேச்சு, ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர்கள் அவர்களுக்குத் திட்டம் வகுத்துத் தருகிறார்கள். கைப்பேசிச் செயலியில் முன்னேற்றத்தைப் பார்த்துத் திருத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து போன்ற பரந்த மாநிலங்களிலும் தொலைதூர ஊரில் இருக்கும் ஒரு வல்லுநருக்கு மற்றத் துறைகளின் அடிப்படை வேலைகளையும் கற்றுத்தந்து, நகரத்து வல்லுநர் துணைநிற்கும் முறை வளர்ந்திருக்கிறது. தேனியின் பார்வை மையப் பெண்ணும் ஆய்க்குடியின் களப்பணியாளரும் ஒரே வகையான பதில்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வெளியே, ஊதியம் பெற்று, மேற்பார்வையோடு, அதே ஊரில் வாழும் ஒருவர்.

இதற்கு எதிரான நியாயமான கவலையும் உண்டு. அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களை ஏழைகளுக்கும், பட்டதாரிகளை நகரத்தாருக்கும் என்று பிரிப்பதாக இது முடியலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஏற்கெனவே குறைந்த ஊக்கத்தொகையில் வீடுவீடாக மாத்திரை சுமக்கும் பெண் தன்னார்வலர் தலையில் இன்னொரு சுமையாகவும் ஆகலாம். ஆகவே பணியாளருக்கு உரிய ஊதியமும், வட்டாரத்துக்கு ஒருவர் என்பதை மூவராகவாவது உயர்த்திய மேற்பார்வையும் இல்லாமல் இம்முறையைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

8. எதை எண்ணுவது

'மக்களைத் தேடி மருத்துவம்' 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளியைக் கொண்டாடியது. பயனாளியை எண்ணும் முறை மாத்திரைக்குப் பொருந்துகிறது. இயன்முறை மருத்துவத்தில் ஒருமுறை பார்க்கப்பட்டவரும் முப்பது முறை பார்க்கப்பட்டவரும் பதிவேட்டில் ஒரே பயனாளி என்றால், பலரை ஒருமுறை பார்ப்பதே சிறந்த பணியாகத் தோன்றும். எண்ணிக்கைக்காக ஓடும் பணியாளர்மீது பழியில்லை. எண்ணும் முறைதான் அவரை ஓடவிடுகிறது.

தேனி மாவட்ட அளவில் நிதி பெரிதாக வேண்டாத மாற்றங்கள் சில இப்போதே செய்யக்கூடியவை. பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், இடுப்பு எலும்பு முறிவு, கால் அகற்றல் ஆகியவற்றுக்காகச் சேர்ந்தவரை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே அவருடைய ஊரும் கைப்பேசி எண்ணும் வட்டார இயன்முறை மருத்துவருக்குப் போக வேண்டும். விடுவிப்புச் சீட்டில் தமிழில், வருபவரின் பெயர், முதல் வருகை நாள், முதல் மூன்று மாதத்துக்கான வருகை எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வட்டார மாதாந்திர அறிக்கையில் பயனாளி எண்ணிக்கைக்குப் பக்கத்தில், குறித்த வருகைகள் எத்தனை, நடந்தவை எத்தனை என்ற இரண்டு கட்டங்களைச் சேர்க்க வேண்டும். நடக்காதவை நோயாளியின் மறுப்பாலா, வண்டி இல்லாததாலா, பணியிடம் காலியாக இருந்ததாலா என்று குறிக்க ஒரு கட்டம் கூடுதலாக இருக்கலாம். பெண் நோயாளிகள் ஆண் சிகிச்சையாளர் தொடுவதற்குத் தயங்கி நிறுத்திவிட்டார்களா என்பதையும் அங்கேதான் எழுத முடியும். இன்று அந்தத் தயக்கம் 'ஒத்துழைப்பு இல்லை' என்ற பொதுச் சொல்லுக்குள் புதைந்துபோகிறது.

போடிக்கு ரயில் நின்றுபோனது 2010-இன் கடைசி நாளில். அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இம்மாவட்டம் அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மனு எழுதியது, கூட்டம் போட்டது, தேர்தல்தோறும் வாக்குறுதி வாங்கியது. அதேபோல, வட்டாரத்துக்கு இரண்டு இயன்முறை மருத்துவர்களும் ஒரு பேச்சுப் பயிற்சி வல்லுநரும் கூடுதலாக வேண்டும் என்று எந்தக் கிராம சபையிலும் பேரூராட்சி வார்டு கூட்டத்திலும் கேட்கலாம். தேவையுள்ளவர்களில் பலர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி வரமுடியாதவர்கள் என்பதால், அந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்தான்.